பதினெட்டு மில்லிமீட்டரில் ஒரு முதுகு

கூனிமேடு கடைத்தெருவில் கறிக்கடை வைத்திருக்கும் பாய்க்கு அன்று காலையில் வந்த ஆர்டர் விசித்திரமானது. ஆட்டின் இடுப்புப் பக்கத்து முதுகெலும்பு வேண்டும். துண்டு போடக் கூடாது. சதையை வழிக்கக் கூடாது. உள்ளே ஓடுகிற தண்டுவடம் அப்படியே இருக்க வேண்டும். “சூப்புக்கான்னு கேட்டேன். இல்ல, டாக்டருங்க ஆபரேஷன் பழகறதுக்குன்னாங்க. ஆட்டுக்கு இன்னாங்க முதுகு வலின்னு சிரிச்சிட்டே குடுத்தேன்” என்றார், கட்டையைத் துடைத்தபடி.

எலும்பு ஐஸ் பெட்டியில் ஏறியது. அந்த வண்டிக்குப் பின்னாலேயே நானும் போனேன். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் திரும்பும் மண் பாதை, இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு, முடிவில் ஒரு விடுதி. கல்யாண வரவேற்புக்கு விடுகிற கூடத்தில்தான், சின்னத் துவாரம் வழியாக முதுகு அறுவை செய்யப் பழக்கும் பட்டறை. மேடையில் மணமக்கள் நாற்காலி ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தது. அதன் முன்னால் நீலத் துணி விரித்த மேசைகள், கைப்பிடி ட்ரில்கள், இரண்டு மைக்ராஸ்கோப்புகள், ரப்பர் தோல் போர்த்திய பிளாஸ்டிக் முதுகுகள். விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, புதுச்சேரிப் பக்கத்து எலும்பியல், நரம்பியல் அறுவை பிஜி மாணவர்களும் சில இளம் டாக்டர்களும் வந்திருந்தார்கள். பயிற்சியின் பெயர் எழுதிய பேனரைவிடக் கருவிகளை இரவல் கொடுத்த கம்பெனிகளின் பேனர்கள் பெரியவை. அதையும் மனதில் குறித்துக்கொண்டுதான் உள்ளே நடந்தேன்.

முதல் மேசையில் முட்டைகள். பச்சை முட்டையைக் களிமண்ணில் பாதி புதைத்து நிறுத்தியிருக்கிறார்கள். வைரத்தூள் பூசிய சின்ன உருண்டை முனை, நிமிடத்துக்குப் பல ஆயிரம் தடவை சுற்றுகிறது. அதைக் கொண்டு முட்டையின் ஓட்டை மட்டும் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு அரைத்து எடுக்க வேண்டும். ஓட்டுக்கு அடியில் இருக்கும் வெள்ளைச் சவ்வு கிழியக் கூடாது. முதுகெலும்பின் பின்பக்கத் தகட்டை அரைக்கும்போது அதற்குக் கீழே இருப்பது ட்யூரா என்ற உறை. அதற்குள் நரம்புகள் மூளைத் தண்டுவட நீரில் மிதக்கின்றன. உறை கிழிந்தால் நீர் கசியும், நரம்பு வெளியே பிதுங்கும். முட்டைக்கும் முதுகுக்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவுதான், ஆனால் அது போதுமானது.

ஓர் அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்த மாணவி அரைத்துக்கொண்டிருந்தார். வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் மேசையில் ஊன்றியிருக்க, மற்ற விரல்கள் மட்டும் அசைந்தன. இன்னொரு கையால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். எலும்பை அரைக்கிற சூட்டில் பக்கத்து நரம்பு வெந்துவிடக் கூடாது என்பதற்கான பழக்கம் அது. திடீரென்று சத்தம் மாறியது. கரகரப்பு மெலிந்து ஒரு கீச்சொலி. அடுத்த நொடி, துவாரத்தில் வெள்ளைக் கரு எட்டிப் பார்த்தது.

“ட்யூரா போச்சு. லீக்” என்றார் பக்கத்தில் நின்ற பேராசிரியர், குரலை உயர்த்தாமல். “சத்தம் மாறினதும் கை நிக்கணும் இல்லம்மா? காது சொல்லிச்சு, கை கேக்கல.”

“இன்னொரு முட்டை எடுத்துக்கறேன் சார்.”

“எடு. இங்க தட்டு நிறைய இருக்கு.”

இப்படி ஒரு வாக்கியத்தை ஆபரேஷன் தியேட்டரில் யாரும் சொல்ல முடியாது.

அடுத்த மேசைக்குப் போவதற்கு முன், இந்தச் சின்னத் துவார அறுவை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்துவதால்தான் சயாட்டிகா வலி வருகிறது என்று 1934இல் பாஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டரும் பாரும் எழுதினார்கள். அதிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு, முதுகை நீளமாகக் கீறி, தசையை எலும்பிலிருந்து உரித்து ஒதுக்கி, நரம்பைத் தேடிப் போனார்கள். 1977இல் யாசர்கிலும் காஸ்பரும் தனித்தனியாக மைக்ராஸ்கோப்பைக் கொண்டுவந்து கீறலைச் சுருக்கினார்கள். 1997இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கெவின் ஃபோலியும் மாரிஸ் ஸ்மித்தும் தசையை உரிப்பதையே விட்டார்கள். மெல்லிய குச்சியை நுழைத்து, அதன் மேல் சற்றே பருத்த குழாய், அதற்கு மேல் இன்னும் பருத்தது என்று அடுக்கடுக்காகச் செலுத்தித் தசை நார்களை விலக்கினார்கள். கடைசிக் குழாய் மட்டும் நிற்கும். அதன் வழியாகத்தான் எல்லா வேலையும்.

கூடத்தின் இரண்டாவது மேசையில் நின்ற குழாயின் விட்டம் 18 மில்லிமீட்டர். என் கட்டை விரல் சிரமப்பட்டு உள்ளே போகும். மேசையோடு பிணைத்த இரும்புக் கை அதைப் பிடித்திருந்தது. உள்ளே விளக்கொளியில் பிளாஸ்டிக் எலும்பின் ஒரு துண்டு தெரிகிறது. அது முதுகின் எந்த இடம் என்று சொல்ல அக்கம்பக்கத்தில் எந்த அடையாளமும் இல்லை. கருவிகள் நடுவில் ஒரு முறை வளைந்து மறுபடி நேராகின்றன, பிடிக்கிற கை பார்வையை மறைக்காமல் இருக்க. எனக்கும் ஒன்றைக் கொடுத்தார்கள், எலும்பைக் கொறித்தெடுக்கும் கெர்ரிசன். திரையைப் பார்த்துக்கொண்டு கையை நகர்த்தினால் ஆழம் தெரிவதேயில்லை. தொட்டுவிட்டோம் என்று நினைத்த இடம் இன்னும் ஒரு விரற்கடை கீழே இருக்கிறது.

பேராசிரியர் சொன்ன ஒரு விஷயம் இங்கேதான் எனக்கு உறைத்தது. திறந்த அறுவையில் மாணவனின் கை தடுமாறினால் சீனியரின் கை உள்ளே வரும். எதிர்ப்பக்கம் நின்று நரம்பை விலக்கிப் பிடிக்கலாம், கருவியைத் திருப்பிவிடலாம். பல தலைமுறை டாக்டர்கள் அப்படித்தான் கற்றார்கள். இந்தக் குழாய்க்குள் இரண்டாவது ஆளின் கைக்கு இடமே கிடையாது. சீனியர் திரையில் பார்ப்பார், வாயால் சொல்வார், மிஞ்சிப்போனால் மாணவனை நகரச் சொல்லித் தான் உட்காருவார். “நான் நகர்ந்து உக்காரதுக்குள்ள ட்யூரா கிழிஞ்சிருக்கும்” என்றார். நோயாளிக்குக் கீறல் சிறியதாகச் சிறியதாக, கற்றுக்கொடுக்கும் வழியும் குறுகிவிட்டது. முட்டையும் ஆட்டெலும்பும் மேசைக்கு வந்தது அதனால்தான்.

பாய் கடை எலும்பு மூன்றாவது மேசையில். மனித முதுகைவிடக் குறுகல், தகடு மெல்லியது, ஆனால் மஞ்சள் நார்ப்படலம் இருக்கிறது, ட்யூரா இருக்கிறது, ஈரமும் வழுக்கலும் இருக்கின்றன. பிளாஸ்டிக்கில் வராத ஒன்றுக்காகவே இது வேண்டும்: அந்த மஞ்சள் படலத்தைக் கொக்கியால் தூக்கும்போது கைக்கு வருகிற மெல்லிய எதிர்ப்பு. இது கைவந்தால் உண்மையான முதுகில் பாதி பயம் போகும் என்றார் மேசைப் பொறுப்பாளர். பக்கத்தில் ஒரு வாளியில் சர்ஜிக்கல் கையுறைகள். ஒரு விரலைத் தண்ணீர் நிரப்பிக் கட்டி, குழாய்க்கு அடியில் வைத்து, வேண்டுமென்றே கீறிவிடுகிறார்கள். தண்ணீர் பீறிடும். அந்தக் கீறலை 18 மில்லிமீட்டர் வழியாகவே தைத்து அடைக்க வேண்டும். முடிச்சுப் போடுவதற்குள் நெற்றி வியர்க்கிறது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

தண்ணீர் நிரம்பிய பையைக் கீறிப் பழகுவது நேற்றைய யோசனை இல்லை. சுசுருத சம்ஹிதையின் சூத்திர ஸ்தானத்தில் ஒன்பதாவது அத்தியாயம் முழுக்கப் பயிற்சியைப் பற்றியதுதான். வெட்டுவதற்குப் பூசணி, சுரைக்காய், தர்பூசணி, வெள்ளரி. பிளப்பதற்கு நீரும் சேறும் நிரப்பிய தோல் பை. ரத்தக்குழாயைத் துளைக்க இறந்த விலங்கின் நாளமும் தாமரைத் தண்டும். கட்டுப் போடுவதற்கு ஆள் உருவப் பொம்மை. எவ்வளவு படித்தவனானாலும் கைப்பழக்கம் இல்லாதவன் தொழிலுக்குத் தகுதியற்றவன் என்பது அதன் நிலைப்பாடு. கூனிமேட்டுக்கு வரும் வழியெல்லாம் சாலையோரத்தில் தர்பூசணி குவித்து வைத்திருந்தார்கள். திண்டிவனம், மரக்காணம் பக்கத்தில் அது விளைகிற பருவம். பட்டறை நடத்தியவர்களுக்கு அது வெயிலுக்குச் சாப்பிட மட்டுமே பயன்பட்டது.

நடுவில் எப்போதோ இந்தப் பழக்கம் அறுந்துபோய், பார்த்துக் கற்பது, பிறகு நோயாளியின் மேல் செய்து கற்பது என்று ஆனது. விமானிகளுக்கு 1929இலேயே எட்வின் லிங்க் தரையில் நிற்கும் பொம்மை விமானத்தைச் செய்துவிட்டார். டாக்டர்கள் அந்த இடத்துக்கு வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. யேல் பல்கலைக்கழகத்தில் நடந்து 2002இல் வெளியான ஓர் ஆய்வை இந்தத் துறையில் எல்லோரும் சொல்வார்கள். பதினாறு பயிற்சி டாக்டர்களில் பாதிப் பேர் கணினித் திரையில் பழகிவிட்டுப் பித்தப்பை லேப்ராஸ்கோப்பிக்குப் போனார்கள். அவர்கள் 29 சதவீதம் வேகமாக முடித்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேறு திசுவைச் சுட்டுவிடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு இருந்தது. நம் நாட்டில் தில்லி எய்ம்ஸ் நரம்பியல் அறுவைத் துறையில் ஆஷிஷ் சூரி முன்னின்று ஒரு பயிற்சிப் பள்ளியை உருவாக்கினார். தில்லி ஐஐடியும் சேர்ந்து பயிற்சி மாதிரிகளைச் செய்கிறது. கோவை கங்கா மருத்துவமனைக்கு எஸ். ராஜசேகரனிடம் முதுகெலும்பு அறுவை பழக வெளிநாட்டிலிருந்தும் வருகிறார்கள். எம்பிபிஎஸ் கல்லூரிகளில் திறன் பயிற்சிக்கூடம் கட்டாயம் என்பது 2019 பாடத்திட்டத்தோடு வந்தது. அந்தக் கூடத்தில் ஊசி போடவும் இதயத்தை அழுத்தி உயிர்ப்பிக்கவும் பழகலாம். குழாய் வழி முதுகு அறுவைக்கு அது எங்கே போதும்?

நான்காவது மேசையில் ஸ்க்ரூ. தோலில் அரை அங்குலக் கீறல் வழியாக, முள்ளெலும்பின் கழுத்துப் பகுதிக்குள் ஊசியைச் செலுத்தி, அதே தடத்தில் திருகாணியை இறக்குவது. எக்ஸ்ரேயில் அந்தக் கழுத்து ஒரு முட்டை வடிவ வளையமாகத் தெரியும். ஊசி முனை வளையத்தின் வெளி விளிம்பில் தொடங்க வேண்டும், கடிகார முகம் என்றால் ஒரு பக்கம் மூன்று மணி, மறுபக்கம் ஒன்பது மணி. சுமார் 20 மில்லிமீட்டர் உள்ளே போகும்வரை உள் விளிம்பைத் தாண்டக் கூடாது. அதற்கு முன்பே தாண்டிவிட்டால் ஊசி நரம்பு ஓடும் கால்வாய்க்குள் இருக்கிறது என்று அர்த்தம். விடுதிக்குள் சி-ஆர்ம் எக்ஸ்ரேயைக் கொண்டுவர முடியாது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இல்லாமல் அதை இயக்கக் கூடாது. எனவே முன்பே எடுத்த படங்கள் லேப்டாப்பில். ஊசியை நகர்த்திவிட்டு “ஷூட்” என்று சொன்னால் பொறுப்பாளர் பொருத்தமான படத்தைத் தட்டுகிறார். எத்தனை தடவை “ஷூட்” சொன்னோம் என்பதையும் ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார். உண்மையில் ஒவ்வொன்றும் டாக்டரின் கைக்கும் கண்ணுக்கும் சேரும் கதிர்வீச்சு. தசையைத் திறந்து கண்ணால் பார்க்காததற்குக் கொடுக்கிற விலை அது, அதை நோயாளியும் டாக்டரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

கடைசி மேசையில் தலையில் மாட்டும் விர்ச்சுவல் ரியாலிட்டிக் கண்ணாடி. வரிசை அங்கேதான் நீளம், செல்ஃபியும் அங்கேதான். படம் அபாரம், ரத்தம்கூடக் கசிகிறது. கையில் எடை இல்லை, எதிர்ப்பு இல்லை. கைக்கு எதிர்ப்பைத் திருப்பித் தரும் இயந்திரங்கள் இருக்கின்றன, அவற்றின் விலையில் ஒரு சின்ன மருத்துவமனையே நடத்தலாம் என்றார்கள். எனக்கு முட்டை மேசைதான் மேலாகப் பட்டது.

மதிய இடைவேளையில் வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே மரக்காணம் உப்பளப் பக்கம் போனேன். பக்கிங்காம் கால்வாயும் கழுவெளியும் கடலும் கலக்கிற உவர் நிலம். ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ள பூமீஸ்வரர் கோயில் ஊருக்குள் இருக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இதுதான் என்று சொல்கிற அறிஞர்கள் உண்டு. அந்த வெயிலில் பெருமை பேச யாருக்கும் நேரமில்லை. ஆண்கள் நீண்ட கழியில் பலகை கோத்து, இடுப்பை முறுக்கிப் பாத்தியிலிருந்து உப்பை வரப்புக்கு இழுத்தார்கள். பெண்கள் அதை அள்ளித் தலையில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். குனிவது, முறுக்குவது, பாரம் தூக்குவது: டிஸ்க்குக்கு ஆகாது என்று டாக்டர்கள் சொல்லும் மூன்றும் இங்கே ஒரே அசைவில் வருகின்றன.

நிழலுக்கு ஒதுங்கியிருந்த ஓர் அக்கா, நான் பட்டறையிலிருந்து வருகிறேன் என்றதும் பேச ஆரம்பித்தார். ஒரு சட்டி உப்பு 20 கிலோவுக்குக் குறையாது என்றார். இடுப்பிலிருந்து இடது கால் பெருவிரல் வரைக்கும் இழுக்கிறதாம்.

“ஸ்கேன் எடுத்து வச்சிருக்கன் தம்பி. டிஸ்க் வெலகியிருக்குது, ஆபரேசன் பண்ணணும்னு ஒருத்தர் சொன்னாரு. சின்னதா ஓட்ட போட்டு முடிச்சிடலாமாம். நீ அங்க டாக்டருங்கள பாக்கறல்ல, பண்ணிக்கலாமா வேணாமான்னு கேட்டுச் சொல்றியா?”

“எங்க பாக்கறீங்கக்கா?”

“ஜிப்மருக்குத்தான் போவணும். இல்லன்னா முண்டியம்பாக்கம். காசு கட்டிப் பாக்கவா முடியும்?”

ஜிப்மர், முண்டியம்பாக்கம் இரண்டும் மாணவர்கள் கற்கிற அரசு மருத்துவமனைகள். இந்தக் கரையில் ஒரு முதுகு கத்திக்கு வந்தால் அநேகமாக அப்படி ஒரு மேசைக்குத்தான் வரும். காசு இருப்பவர் பெயர் கேட்டு டாக்டரைத் தேர்ந்தெடுக்கிறார். காசில்லாதவருக்கு நல்ல சிகிச்சை கிடைக்கிறது, கூடவே கற்றுக்கொள்கிற ஒரு கையும் சேர்ந்து வருகிறது. குழாய் வழி அறுவையில் கை படிய 20, 30 கேஸ் ஆகும் என்பது துறைக்குள் சாதாரணமாகப் பேசப்படும் கணக்கு. அந்த முதல் இருபது பேர் யார்? உலகமெங்கும் போதனா மருத்துவமனைகளின் பதில் ஒன்றாகவே இருந்திருக்கிறது: உப்பு சுமப்பவர், மூட்டை தூக்குபவர், நாற்று நடுபவர். அவர்கள் உடம்பில்தான் மருத்துவம் படிந்தது. முட்டையையும் ஆட்டெலும்பையும் பார்த்துச் சிரிப்பவர்கள், அவை யாருடைய இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கின்றன என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

மாலை அமர்வு கருவிகளே இல்லாமல் நடந்தது. திரையில் ஒரு எம்ஆர்ஐ படம், நான்காவது ஐந்தாவது இடுப்பெலும்புகளுக்கு நடுவில் நல்ல பிதுக்கம். “என்ன பண்ணுவீங்க?” என்றார் பேராசிரியர். காலையெல்லாம் குழாயோடு புழங்கியவர்கள். ஆளாளுக்குக் குழாயின் அளவைச் சொன்னார்கள், நுழையும் கோணத்தைச் சொன்னார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பேஷண்ட்டுக்கு என்ன கஷ்டம்னு ஒருத்தராவது கேட்டீங்களா?” என்றார். படத்துக்கு உரியவருக்கு வலி ஆரம்பித்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, காலில் பலம் குறையவில்லை. இப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில், கத்தி படாமலே வலி அடங்கிவிடும். பிதுங்கிய டிஸ்க் தானாகச் சுருங்குவதும் உண்டு.

அதோடு விடவில்லை. 2009இல் ஜாமா இதழில் வந்த நெதர்லாந்து ஆய்வை எடுத்தார். 328 சயாட்டிகா நோயாளிகள். பாதிப் பேருக்குக் குழாய் வழி, பாதிப் பேருக்கு வழக்கமான மைக்ராஸ்கோப் அறுவை. குழாய் முறை சிறந்தது என்று அதில் வரவில்லை. வலிக் கணக்கில் ஒரு பிடி பின்தங்கியே நின்றது. கம்பெனிப் பேனர்களுக்குக் கீழே நின்றுகொண்டு அவர் இதைச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. சின்னக் கீறல் என்பது நோயாளிக்குக் கேட்க இனிக்கும்; அது தேவையா என்ற கேள்வியை அந்த இனிப்பு மறைத்துவிடக் கூடும். இந்தக் கூடத்தில் கையின் தடுமாற்றத்தைத் திருத்த எவ்வளவோ சாமான் இருந்தது. வேண்டாம் என்று சொல்லப் பழக்குவதற்கு இருந்தது அந்த ஓர் ஆளும் ஒரு திரையும்தான்.

மதிப்பெண் தாள்களில் அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது உப்பளத்து அக்காவின் கேள்வியைச் சொன்னேன். பேனாவை வைக்காமலே விசாரித்தார். கால் பெருவிரலை மேலே தூக்க முடிகிறதா? நடக்கும்போது பாதம் தொங்குகிறதா? எத்தனை மாதம்? எனக்கு எதற்கும் விடை தெரியவில்லை.

“அப்ப நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஸ்கேன் படம் மட்டும் வந்தா போதாது சார், ஆளும் வரணும். காலைல எட்டு மணிக்குள்ள ஓபி சீட்டு போடச் சொல்லுங்க. நானே பாக்கறேன்.”

அங்கிருந்தே அக்காவுக்குப் போன் போட்டேன். ஒரு நாள் போய் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு, மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னால் அதற்கு ஒரு நாள், ரிப்போர்ட்டுக்கு ஒரு நாள் என்று கணக்குச் சொன்னார். “உப்பு வெளையற நேரத்துல எப்படி தம்பி வர்றது? ஐப்பசி மழ புடிச்சிட்டா வேல நின்னுடும். அப்ப வரன்னு சொல்லு.”

சொன்னேன். பேராசிரியர் சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தார். ஐப்பசிக்கு இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தது.

“வலி மட்டும்னா காத்திருக்கலாம், பாரத்தைக் கொறைக்கச் சொல்லுங்க. ஆனா பாதம் தூக்க வரல, ரெண்டு தொடைக்கும் நடுவுல மரத்துப் போவுது, ஒண்ணுக்குப் போறது நின்னு போச்சு இல்ல தெரியாமலே போவுதுன்னா, மழையும் பாக்க வேணாம், உப்பும் பாக்க வேணாம். அன்னிக்கு ராத்திரியே எமர்ஜென்சிக்கு வந்துடணும். இதை மறக்காம சொல்லுங்க.”

போன் இன்னும் கட் ஆகவில்லை. ஸ்பீக்கரில் போட்டு அவரையே சொல்லச் சொன்னேன்.